பிரேக் பிடிக்காது என்று எழுதிய சுயவிவரம்

என் முதல் சுயவிவரம் பதினொரு பக்கம் இருந்தது. அதில் கரப்பான்பூச்சியின் அறிவியல் பெயர் முதல் பக்கத்திலும் என் பெயர் இரண்டாம் பக்கத்திலும் வந்தன. நன்றியுரை ஒன்று, பொருளடக்கம் ஒன்று, கடைசியில் மேற்கோள் நூல்கள் என்று ஒன்றரைப் பக்கம். வேலை கேட்டு எழுதும் தாளில் மேற்கோள் நூல்கள் எதற்கு என்று இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது அதை மடியில் வைத்து நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் காக்கையைவிட மோசம்.

நான் படித்தது பூச்சியியல். முதுகலை முடித்து, அதோடு விட்டேனா, அதற்கு மேலும் ஓர் ஆய்வுப் பட்டம். இனிப்பு தடவி வைக்கும் விஷப் பொறியைச் சில கரப்பான்கள் ஏன் தொடாமல் ஒதுங்கிப் போகின்றன என்பதுதான் என் ஆய்வு. கண்ணாடி ஜாடிகளில் அவற்றை வளர்த்தேன். ஏறி வெளியே வராமல் இருக்க ஜாடியின் வாய்க்கு உள்பக்கம் வாசலின் பூசுவேன். பிஸ்கட் தூள் போடுவேன். நனைத்த பஞ்சு வைப்பேன். என் தலைமுடியில் அந்த வாடை எப்போதும் இருக்கும் என்று அக்கா சொல்வாள். மூன்று வருஷம் அவற்றோடு குடித்தனம் செய்தும் ஒன்றைக்கூட நான் கையால் கொன்றதில்லை. வீட்டில் ஒன்று வந்துவிட்டால் "அக்கா!" என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்கா செருப்பை எடுத்துக்கொண்டு வருவாள். படித்தவள் கத்துவதும் படிக்காதவள் அடிப்பதுமாக எங்கள் வீட்டில் வேலை பிரிந்திருந்தது.

எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது அக்காவும் அத்தானும் வாழும் வீடு. கல்லூரிக்குப் பக்கமாக இருக்கிறது, ஒரே ஒரு வருஷம் என்று சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்தவள் நான். வந்தவளுக்கு முன்னறை கிடைத்தது. அந்த அறையில்தான் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. எனக்கு மேஜை வேண்டுமே? அக்கா மெஷினின் தலையை உள்ளே மடித்துப் பலகையைப் போட்டு, "இந்தா, இதுல எழுது" என்றாள். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். நான் முழு ஆய்வேட்டையும் அந்தப் பலகையின் மேல் எழுதினேன். யோசனை வராதபோது காலடியில் இருந்த பெடலை மிதிப்பேன். சும்மா சுற்றும் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். "வெறும் பெடலை மிதிக்காதடி" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். நான் மிதித்துக்கொண்டே இருப்பேன். அறிவு அவ்வளவுதான்.

பதினொரு பக்கத்தை ஊரிலிருந்த அத்தனை கம்பெனிகளுக்கும் அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் தவறான முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று. உலகத்துக்கு ஆராய்ச்சியின் அருமை தெரியவில்லை என்று நான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அத்தான் பழைய கார்களை வாங்கி விற்பவர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, 'புரொபசர்'தான். ஒருநாள் என் பதினொரு பக்கத்தைக் கையில் எடை போட்டுப் பார்த்தார்.

"புரொபசர், இதை யாரு படிப்பாங்க?"

"படிக்கறதுக்குத்தானே அத்தான் எழுதறோம்."

"தப்பு. வாங்க வர்றவன் பானெட்டைத் தூக்கிப் பாக்கறதே இல்ல. தூரத்துல நின்னு பளபளன்னு இருக்கான்னு பாப்பான். ஒரு பக்கம் போதும். ஒரே கை ஓட்டின வண்டி, நல்ல கண்டிஷன், உடனே எடுத்துட்டுப் போகலாம். அவ்வளவுதான்."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் அவர் மாதம் தவறாமல் எதையாவது விற்றுவிடுகிறார், நான் ஒன்றும் விற்கவில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கரப்பான் என்ற சொல்லே வரக்கூடாது என்றார். "அப்ப ஜாடியை எல்லாம் பாத்துக்கிட்டதை எப்படி எழுதறது?" என்று கேட்டேன். அத்தான் கன்னத்தைச் சொறிந்துவிட்டு, "பெரிய குழுவை நிர்வகித்த அனுபவம்னு போடு" என்றார். போட்டேன்.

வேலை செய்தது! ஒரு வாரத்தில் ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா இரவல் வாங்கிய கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிரித்த முகமாகக் கேட்டார்.

"உங்க டீம்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

"கணக்கு மாறிக்கிட்டே இருக்கும் சார்" என்றேன். அது பொய்யில்லை.

"அவ்வளவு பெரிய டீமா? உள்ளுக்குள்ள சண்டை வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?"

மூன்று வருஷப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது. "பிரிச்சு வேற ஜாடியில போட்டுடுவேன் சார். இல்லன்னா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள். நடுவில் இருந்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "குடிங்கம்மா" என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார். நான் குடித்தேன். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தான் விற்பதற்கு வைத்திருந்த ஒரு காரில் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். நான் அழுவதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு சொல்றேன். நான் சொன்னேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

சொன்னார். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்க வேண்டும், ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, நன்றாகச் செய்தால் தொடர்ந்து அவளுக்கே. பழைய மெஷினோடு இன்னொன்று போட வேண்டும், துணி அடுக்க இடம் வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா 'பாக்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. முன்னறையில் நான் இருக்கிறேன். மெஷினின் மேல் என் பலகை இருக்கிறது. சுவரோரம் முழுக்க என் ஆய்வேட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. இனிப்பைப் பார்த்ததும் ஒரு கரப்பானின் மீசை எந்தப் பக்கம் திரும்பும் என்று மூன்று வருஷம் கண்கொட்டாமல் பார்த்தவளுக்கு, கூடவே இருக்கிற அக்காவின் கை மூன்று வருஷமாகச் சும்மா இருப்பது கண்ணில் படவில்லை. என்னைப் போல ஒரு கழுதை உண்டா!

"நான் எங்கயாவது போயிடறேன் அத்தான்."

"எங்க போவே? வேலை கிடைக்காம உன்னை அனுப்ப மாட்டா அவ. எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் ஒண்ணைப் பிடி."

மறுநாளே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வீடுகளிலும் கடைகளிலும் பூச்சி ஒழிக்கும் கம்பெனி ஒன்று வெளியூரில் கிளை திறக்கிறது, பூச்சி பற்றிப் படித்தவர் ஒருவர் வேண்டும், தங்க அறை உண்டு. நான் மெஷின் பலகையில் உட்கார்ந்தேன். பதினொரு பக்கமும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம் என்று என் மேலிருந்த கோபத்தில் கடகடவென்று எழுதினேன். படிப்பு, செய்த வேலை, கையாளத் தெரிந்த கருவிகள், எல்லாம் இரண்டே பக்கம். எழுதி முடித்ததும், சாப்பிட்டவுடன் கை கழுவுவதுபோல, கை தானாக அடுத்த தலைப்பைப் போட்டது: 'குறைபாடுகள்.'

இதை வெளியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆய்வேடு என்றால் கடைசியில் குறைபாடுகள் என்று ஒரு பகுதி இருந்தாக வேண்டும். இந்த ஆய்வு எங்கே செல்லாது, எதை இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். என் வழிகாட்டிப் பேராசிரியையை நாங்கள் 'சிவப்பு மை' என்போம். அந்தப் பகுதி சப்பென்று இருக்கிறது என்று என் ஏட்டை மூன்று தடவை திருப்பி அடித்தவர். 'குறையே இல்லன்னு எழுதறவ எதையோ ஒளிக்கறா' என்பார். மூன்றாம் தடவைக்கப்புறம் கடைக்குப் போகச் சாமான் எழுதினால்கூடக் கீழே குறைபாடு எழுதும் நிலைக்கு வந்திருந்தேன். வேலை கேட்கும் தாளில் அது இருக்கக்கூடாது என்று எனக்கு உதிக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது இருந்தால்தான் கௌரவம் என்று நினைத்தேன். நான்கு குறை எழுதி, அழகாக வரிசை பிடித்து, அனுப்பியும்விட்டேன்.

காலையில் அத்தான் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. பக்கத்தில் நான் வைத்திருந்த பிரதியை ஒற்றைக் கையால் எடுத்து வாசித்தவர், பின்பக்கத்துக்கு வந்ததும் கத்தினார்.

"அடிப்பாவி! இதை அனுப்பிட்டியா?"

"ராத்திரியே அனுப்பிட்டேன். ஏன் அத்தான்?"

அவர் உரக்கப் படித்தார். "ஒன்று. இவர் இதுவரை ஒரு கரப்பான்பூச்சியைக்கூடத் தம் கையால் கொன்றதில்லை. இரண்டு. மனிதர்களை நிர்வகித்த அனுபவம் இவருக்கு இல்லை, உண்டு என்று வேறெங்காவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மூன்று. காலையில் டீ குடிக்கும் முன் இவர் எடுத்த அளவீடுகளைக் கணக்கில் கொள்ளக்கூடாது." நுரை சட்டையில் சொட்டியது. "விக்கற வண்டியில பிரேக் பிடிக்காதுன்னு எவனாவது போர்டு மாட்டுவானா? பூச்சி கொல்றவன்கிட்ட போய், கொல்ல வராதுன்னு எழுதியிருக்கே! நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

"என்னங்க அங்க சத்தம்?" என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"உன் தங்கச்சி சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டா!" என்றவர் நாலாவதைப் படிக்க வாயைத் திறந்தார். படிக்கவில்லை. கண்ணால் மட்டும் ஓட்டினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்ச முகத்தைச் சவரம் செய்யத் திரும்பினார். எனக்கு இருந்த பதற்றத்தில், அவர் ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அந்த வாரம் முழுக்கப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

மாதத்தின் கடைசி நாளுக்கு அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த அலுவலகம் ஒரு கிடங்குக்கு மேலே இருந்தது. படியேறும்போதே மருந்து நெடி மூக்கைப் பிடித்தது. சுவரில் வரிசையாகத் தெளிப்பான்கள் தொங்கின, கீழே ரப்பர் பூட்ஸ்கள். மேலாளர் ஐம்பது வயசுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என் தாளின் முன்பக்கத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"கரப்பானைக் கொன்னதே இல்லையா?"

"இல்ல சார்."

"பயமா?"

"பயம் இல்ல சார். பழகிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. மேஜை ஓரத்தில் குவிந்திருந்த காகிதங்களை என் பக்கம் தள்ளினார். எல்லாம் வாடிக்கையாளர்களின் புகார். "பாருங்க. மருந்து அடிச்சுட்டு வந்த மறுவாரமே திரும்பி வந்துடுச்சுன்னு சண்டை. ஏன் சண்டை? எங்க ஆளுங்க போய் ஒரே தடவையில போயிடும், திரும்பி வரவே வராதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்துடறாங்க. எதுக்கு இந்த மருந்து வேலை செய்யும், எதுக்குச் செய்யாதுன்னு முன்னாடியே சொல்லிட்டா ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான். சொல்ல ஆள் இல்ல. இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்ட அத்தனை பேரும் குறையே இல்லாதவங்க. அப்படிப்பட்டவங்களை வேலைக்கு வெச்சு நான் பட்டது போதும்."

இனிப்புப் பொறியைத் தொடாத கரப்பான்களைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று வருஷத்தையும் கொட்டினேன். நடுவில் இரண்டு தடவை கையை உயர்த்தி நிறுத்தினார், மூன்றாம் தடவை நானே நிறுத்திக்கொண்டேன். அப்புறம் அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு நாலாவதைப் படித்தார். அந்த வரிகளை வேறொருவர் குரலில் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நான்கு. இவரது முடிவுகள் அனைத்தும் அக்காவின் வீட்டு முன்னறையில், அக்கா விட்டுக்கொடுத்த இடத்தில் கிடைத்தவை. அக்கா இல்லாத சூழலில் இதே முடிவுகள் கிடைக்குமா என்பது இதுவரை சோதிக்கப்படவில்லை."

எழுதும்போது எனக்கு அது வெறும் உண்மையாக இருந்தது, வெப்பநிலை இவ்வளவு என்று எழுதுவதுபோல. அவர் படித்தபோது அக்காவுக்கு எழுதிய கடிதம்போலக் கேட்டது.

"கிளை வெளியூர்ல இருக்கு. அக்கா இல்லாம முடியுமா?"

"தெரியாது சார்."

"சரி. மூணு மாசம் சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. திங்கட்கிழமை வந்துடுங்க."

பஸ்ஸில் வரும்போது அக்காவுக்குப் போன் மேல் போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அக்கா வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "கிடைச்சுடுச்சு! அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணு, யூனிபார்ம் தைக்கறேன்னு சொல்லு!"

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே, "அது காலையிலேயே முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஆமா, உனக்கு யாரு சொன்னா?" என்றாள். அப்போதுதான் உள்ளே வந்த அத்தான் விட்டத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் அக்காவிடம் முதல் தடவையாகக் கத்தினேன். "யாரைக் கேட்டு முடியாதுன்னு சொன்னே? சாயங்காலம் வரைக்கும் பொறுக்கக்கூடாதா? என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"நம்பிக்கை இல்லன்னு யாரு சொன்னா? இது உன் காதுல விழுந்து, நீ அங்க போய் இதையே நெனச்சுக்கிட்டு உளறக்கூடாதுன்னுதான் சொல்லிட்டேன்" என்றாள். "ஏற்கெனவே ஒரு தடவை ஜாடி, கீடின்னு உளறினது போதாதா?"

அத்தான் அவள் ஈரக் கையில் போனைத் திணித்தார். பள்ளிக்கூடத்தில் பேசினாள். சட்டைகளை மதியமே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெண் பிள்ளைகளின் ஸ்கர்ட் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதற்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், "சம்மதம்" என்றாள். பாதி போய்விட்டது. என் இரண்டு பக்கம் ஒரு நாள் முன்னால் பலித்திருந்தால் முழுசும் கிடைத்திருக்கும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையைக் காலி செய்தோம். ஆய்வேட்டுப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயின. பலகையை எடுத்துவிட்டு அக்கா மெஷினின் தலையை மேலே தூக்கினாள். மூன்று வருஷத் தூசி. தோல் பெல்ட் வறண்டு வெடித்திருந்தது, ஆனால் பெடல் மட்டும் வெண்ணெய்போல ஓடியது, நான் ஒருநாளும் ஓய்வு கொடுக்காததால். அத்தான் கடைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தார். பெல்ட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"கடைசி வரியைப் படி. உன்னைப் பத்தி ஊருக்கே எழுதியிருக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று, இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. நான் பெல்ட்டை மாட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏண்டி, கம்பெனிக்காரங்ககிட்ட எல்லாமா என்னை இழுத்து வைப்பே?" என்றாள். திட்டத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, பழைய துணி ஒன்றை ஊசிக்கு அடியில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். தையல் முதலில் கோணிப்போய், பிறகு நேராக வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போய்ச் சோதிச்சுப் பாரு. சரியா வரலன்னா வந்துடு. மெஷினை மறுபடி மடிச்சு வெச்சுக்கலாம்."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மடித்து வைத்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசாமல். எனக்கு ஓவென்று அழுகை வந்தது, அழுதேன். அந்த நிமிஷமே முடிவு செய்தேன்: இனி என் கையாலேயே செருப்பெடுத்துக் கரப்பானை அடிக்க வேண்டி வந்தாலும் சரி, அந்த மெஷினின் தலை மறுபடி கீழே போகக்கூடாது.